மன்னார் நகரைச் சுற்றி ஒரு காலை நடை



நகரத்தில் வாழும் ஒருவர் விடியற்காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, வண்டி எதனையும் நாடாது, தம் கால்களையே நம்பி நடந்து, இயற்கையின் மடியில் இரண்டு மூன்று மணி நேரம் உலவி, வெயில் ஏறுமுன் மீண்டும் வீடு வந்து சேரக்கூடுமாயின், அவர் பேறு பெற்றவரே. கண்டி நகரத்தாருக்கு அப்பேறு வாய்த்திருக்கின்றது. தலதா மாளிகைக்குப் பின்னே எழுந்து நிற்கும் உடவத்தகெலே காடு, 1938ஆம் ஆண்டு முதல் சரணாலயமாகப் பேணப்பட்டு வருகின்றது. அதன் நிழற்பாதைகளிலே சிறுவரும் முதியவரும் வட்டமாக ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். சென்னை மாநகரத்தார் கிண்டியிலே, நகரின் நெருக்கடிக்கு நடுவே, ஏறத்தாழ 270 ஹெக்டேயர் பரப்புள்ள தேசியப் பூங்கா ஒன்றைக் காத்து வைத்திருக்கின்றனர். புள்ளிமான்களும் வெளிமான்களும் அங்கே மேய்கின்றன.

மன்னார் நகரத்தாருக்கு இத்தகைய பேறு உண்டா? இவ்வினாவை எழுப்பினால், "மன்னாரிலே காடு ஏது? வெயிலும் காற்றும் உப்பும் தவிர இங்கே வேறு என்ன இருக்கின்றது?" என்று மறுவினாவே விடையாக வரும். வவுனியாவுக்கோ கொழும்புக்கோ செல்லும் பேருந்தில் அமர்ந்து, நகரையடுத்த நீர்வெளியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்து போகின்றவர்களுக்கு அது வெறும் சேற்று நிலமாகவே தோன்றும். ஆயினும் அந்த நிலத்திலே கால் பதித்து நிதானமாக நடந்து பார்ப்பவர்க்கு வேறொரு காட்சி புலனாகும். அந்த நடைக்குத்தான் இன்று உங்களை அழைக்க விரும்புகின்றேன். இது மலையேற்றம் அன்று. மேடு பள்ளம் இல்லாத நிலம். வழி தவறுவதற்கும் இடமில்லை. பத்து வயதுச் சிறுவனும் எழுபது வயதுப் பாட்டியும் ஒன்றாகவே நடந்து வரலாம்.

முதலிலே நிலத்தின் அமைப்பைச் சிறிது மனத்திற் கொள்ள வேண்டும். மன்னார்த் தீவு, இலங்கையின் வடமேற்குக் கரையிலிருந்து இந்தியாவை நோக்கி நீட்டிய நாக்கைப் போன்றது. அதன் ஒரு முனையில் மன்னார் நகரம். மறு முனையில் தலைமன்னார். தலைமன்னாருக்கு அப்பால் மணல் திட்டுகள் தொடராகத் தனுஷ்கோடி வரை செல்கின்றன. தீவுக்கு வடக்கே பாக்கு விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. தீவையும் பெருநிலத்தையும் ஆழமற்ற நீர்ப்பரப்பு ஒன்று பிரிக்கின்றது. அதன் குறுக்கே தாம்போதியும் பாலமும் அமைந்துள்ளன. இலங்கையின் மிக வறண்ட பகுதிகளுள் மன்னாரும் ஒன்று. ஆண்டு முழுவதற்கும் உரிய மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலேயே பெய்து தீர்ந்துவிடும்.

நமது நடை மன்னார்க் கோட்டையருகே தொடங்கட்டும். 1560ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் இக்கோட்டையை அமைத்தனர். திருக்கேதீச்சரத்துப் பழைய ஆலயத்தை இடித்து, அதன் கற்களையும் இதற்குப் பயன்படுத்தினர் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் செய்தி. 1658இல் ஒல்லாந்தர் இதனைக் கைப்பற்றினர்; 1696இல் திருத்திக் கட்டினர். 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. நான்கு மூலைகளிலும் கொத்தளங்களோடு சதுரமாக நிற்கும் இச்சிறு கோட்டையின் மதில் அருகே நின்று கீழ்த்திசையை நோக்கினால், இவ்விடத்தை அவர்கள் தேர்ந்தெடுத்த காரணம் தானே விளங்கும். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையேயுள்ள நீர்வழியைக் காப்பவனே இப்பகுதிக்கு அதிபதி. அக்காலத்திலே அந்த நீர்வழியில் மரக்கலங்கள் சென்றன. இக்காலத்திலே அதே நீர்ப்பரப்பில் வேறு வகையான பயணிகள் வந்து இறங்குகின்றனர். அவர்களைக் காண்பதற்குப் பாலத்தை நோக்கி நடப்போம்.

இப்பாலத்துக்கும் ஒரு கதை உண்டு. இங்கிருந்த பழைய பாலம் 1990ஆம் ஆண்டிலே போரின்போது தகர்க்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தற்காலிக வழியிலேயே மக்கள் போய்வந்தனர். இன்று நாம் நடக்கும் புதிய பாலமும் திருத்தியமைக்கப்பட்ட தாம்போதியும் யப்பான் நாட்டின் நன்கொடையால் உருவாகி 2010இல் திறந்துவைக்கப்பட்டன. அந்த இருபது ஆண்டுகளிலே, பொழுது போக்குவதற்காக இவ்வழியில் நடந்து பறவை பார்க்கலாம் என்று எவரும் எண்ணியிருக்க முடியாது. நடப்பதற்கு அடையாள அட்டையும் அனுமதியும் வேண்டியிருந்த காலம் அது. ஆதலால், ஒரு காலைப்பொழுதிலே அச்சமின்றி இங்கே நடக்கின்றோம் என்பதே சிறிய செய்தி அன்று. இளையோர்க்கு இதனைச் சொல்லி வைக்க வேண்டும்.

பாலத்தின் ஓரத்திலே, வாகனங்களுக்கு வழிவிட்டு, சற்றே நின்று பாருங்கள். பெருநிலத்தை நோக்கி நிற்கும்போது இடப்பக்கம் பாக்கு விரிகுடாவின் நீர். வலப்பக்கம் மன்னார் வளைகுடாவின் நீர். இந்தக் கடல்களிலே ஏற்றவற்றத்தின் அளவு மிகச் சிறிது. ஒரு மீற்றருக்கும் குறைவே. ஆனால் நிலம் தட்டையாக இருப்பதால், சிறிது நீர் வடிந்தாலும் பரந்த சேற்று வெளி வெளிப்படுகின்றது. சிறிது நீர் ஏறினாலும் அவ்வெளி மறைந்துவிடுகின்றது. நாளும் மூடித் திறக்கும் இச்சேற்றிலே புழுக்கள், சிறு நத்தைகள், இறால் குஞ்சுகள், கண்ணுக்குப் புலப்படாத பாசிகள் என எண்ணற்ற உயிர்கள் செழிக்கின்றன. மனிதர் கண்ணுக்குச் சேறு. பறவைகளுக்கோ அது விரித்து வைத்த பந்தி.

ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் அப்பந்திக்கு விருந்தினர் வரத் தொடங்குவர். ஊசிவால் வாத்துகள் கூட்டங் கூட்டமாக நீரில் மிதக்கும். உள்ளான் வகைகள் சேற்றிலே குறுகுறுவென ஓடி, நீண்ட அலகை நாட்டி இரை தேடும். ஆழமற்ற நீரிலே பூநாரைகள் தலைகீழாகக் கழுத்தை வளைத்து, அலகினால் நீரை வடித்து உண்ணும். பூநாரையின் இளஞ்சிவப்பு நிறம் பிறவியில் வந்ததன்று. அது உண்ணும் பாசியிலும் நுண்ணிய இறால் வகைகளிலும் உள்ள நிறப்பொருளே இறகிற் படிந்து அவ்வண்ணத்தை அளிக்கின்றது. ஆகவே, தூரத்திலே தோன்றும் அந்தச் செந்நிறக் கோடு, இந்நீர்நிலையின் வளத்திற்கு இயற்கை எழுதி வைத்த சான்றிதழ் எனலாம்.

இவ்விருந்தினர் எங்கிருந்து வருகின்றனர்? மத்திய ஆசியப் பறவை வழி என்று ஆய்வாளர் கூறும் பெருவழி, ஆர்க்டிக் கரையோரத்திலும் சைபீரியாவிலும் தொடங்கி, இமயத்தைக் கடந்து, இந்தியாவின் ஊடாக வந்து, இலங்கையிலே முடிவடைகின்றது. இதற்குத் தெற்கே பரந்த இந்து சமுத்திரந்தான். வடமேற்கிலிருந்து வரும் பறவைக்கு இலங்கையில் முதலிலே தென்படும் நிலங்களுள் மன்னார் ஒன்று. திரும்பிச் செல்லும்போது கடைசியாக இரை உண்டு வலுப்பெறும் இடமும் இதுவே. அண்மை ஆண்டுகளிலே, இடமறியும் சிறு கருவிகளைப் பொருத்தி ஆய்வாளர் இங்கிருந்து அனுப்பிய கடற்காகங்கள், ரஷ்யாவின் ஆர்க்டிக் நிலப்பகுதி வரை சென்று குஞ்சு பொரித்தபின் மீண்டும் மன்னாருக்கே வந்து சேர்ந்தன. வீட்டுக் கொல்லைக்கு அப்பால் என்ன நிகழ்கின்றது என்று நாம் அறியாதிருக்கும்போது, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தொலைவிலுள்ள பறவை இவ்விடத்தின் முகவரியை மறவாமல் வைத்திருக்கின்றது.

இந்த அருமையை அரசும் உலகும் ஏற்றுக்கொண்டுள்ளன. பாலத்துக்கு அப்பால், பெருநிலப் பக்கத்திலே பரந்து கிடக்கும் வங்காலைச் சரணாலயம் 2008ஆம் ஆண்டிலே பிரகடனஞ் செய்யப்பட்டது. அதன் பரப்பு 4,839 ஹெக்டேயர். ஈரானிலுள்ள ராம்சார் நகரில் 1971ஆம் ஆண்டு கைச்சாத்தான உலக ஈரநில உடன்படிக்கையின் கீழ், 2010ஆம் ஆண்டிலே இது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகச் சேர்க்கப்பட்டது. முட்புதர்க் காடு, புல்வெளி, மணல்மேடு, கண்டற் காடு, உவர்நிலம், களப்பு, கடற்புல் தரை, ஆழமற்ற கடல் ஆகிய இத்தனையும் ஒரே எல்லைக்குள் அடங்கியிருப்பது அதன் தனிச்சிறப்பு. மன்னாரிலிருந்து மதவாச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலை இச்சரணாலயத்தின் ஊடாகவே செல்கின்றது. காடு ஏது என்று கேட்டவர்க்கு விடை, அவர் நாள்தோறும் செல்லும் வீதியின் இருமருங்கிலுமே இருக்கின்றது.

பெருநிலம் வரை இன்று செல்ல வேண்டியதில்லை. பாலத்தின் மேல் கண்டது போதும், திரும்புவோம். நகருக்குள் மீண்டும் புகுமுன், நீரோரத்திலே நிற்கும் மரங்களைச் சற்றுக் கவனியுங்கள். சங்கச் சான்றோர் நெய்தல் நிலத்துக்கு உரியதாகப் பாடிய கண்டல் இனத்தைச் சேர்ந்தவை இவை. இவ்வினத்துள் நம் கரையோர மக்கள் கண்ணா என அழைக்கும் மரம் மிகவும் உறுதி படைத்தது. அதன் அடியைச் சுற்றிச் சேற்றிலிருந்து எழுதுகோல்களை நட்டு வைத்தாற்போல் நூற்றுக்கணக்கான முளைகள் மேல்நோக்கி நிற்பதைக் காணலாம். அவை மூச்சு வேர்கள். சேற்றுக்குள்ளே காற்று இல்லாமையால், வேர் மேலெழுந்து வந்து மூச்சு வாங்குகின்றது. இலையைக் கிள்ளி நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். வேர்வழியே புகுந்த மேலதிக உப்பை இம்மரம் இலைவழியே வெளியேற்றிவிடுகின்றது. நன்னீர் அரிதான இடத்திலே வாழக் கற்றுக்கொண்ட மரம் இது.

இம்மரங்களால் மக்களுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். கடலிலே பிடிபடும் மீனிலும் இறாலிலும் நண்டிலும் பல வகைகள், தம் இளமைப் பருவத்தை இவ்வேர்களின் இடுக்கிலும், அருகிலுள்ள கடற்புல் தரைகளிலுமே கழிக்கின்றன. பெரிய மீன் புக முடியாத அந்த இடுக்கு, சிறிய மீனுக்குத் தொட்டில். தொட்டிலை எரித்துவிட்டுப் பிள்ளையைத் தேடுவது அறிவுடைமை ஆகாது. இன்னொரு பயன், அலையின் வேகத்தைத் தணிப்பது. 1964ஆம் ஆண்டு மார்கழியிலே வீசிய பெரும் புயல் தனுஷ்கோடியை அழித்ததையும், தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலான கப்பற் போக்குவரத்து அதனோடு நின்றுபோனதையும் இப்பகுதி முதியோர் இன்னும் மறக்கவில்லை. தட்டையான தீவுக்குக் கடலினின்று காப்பளிக்க மலை ஏதும் இல்லை. கரையோர மரங்களும் மணல்மேடுகளுமே அதற்கு அரண். தன் நாட்டிலுள்ள கண்டற் காடுகள் அனைத்தையும் பாதுகாக்கும் பெருந்திட்டத்தை 2015இல் இலங்கை தொடக்கியபோது, உலகில் முதலாவதாக இவ்வாறு முன்வந்த நாடு எனப் பாராட்டப்பட்டது. திட்டம் கொழும்பிலே தொடங்கலாம். ஆனால் கரையிலே நிற்கும் ஒரு கண்ணா மரத்தின் அடியிலே குப்பை கொட்டப்படுகின்றதா இல்லையா என்பதைக் காண்பவர் அவ்வூரில் நடப்பவரே.

இனி நகரைக் கடந்து பள்ளிமுனை வீதியிலே செல்வோம். வழியிலே கழுதைகள் எதிர்ப்படும், வியக்க வேண்டாம். மன்னார் நகரின் தெருக்களிலே கழுதைகள் தன்னிச்சையாகத் திரிவது இவ்வூரின் பழைய வழக்கம். முற்காலத்திலே அராபிய வணிகர் பொதி சுமக்க இவற்றைக் கொண்டுவந்தனர் என்று கூறுவர். பொதி சுமக்கும் வேலை லொறிகளுக்குப் போய்விட்டது. கழுதைகள் வேலையற்றுத் தெருவிலே நிற்கின்றன. நெகிழிப் பைகளைத் தின்று நோயுறுவதும், இரவில் வாகனங்களில் அடிபடுவதும் அவற்றின் இன்றைய துயரம். நம்மோடு உழைத்த உயிருக்கு நாம் செய்யக்கூடிய குறைந்த அளவு கைம்மாறு, உணவுக் கழிவைப் பையிற் கட்டி வீதியில் எறியாதிருத்தல்.

பள்ளிமுனை வீதியோரத்திலே அந்த முதுமரம் நிற்கின்றது. பெருக்க மரம் என்று இங்கே வழங்குவர். ஆனைப்புளி, பப்பரப்புளி என்பன தமிழகத்து வழக்கு. முதன்முறை காண்பவர் இதனை மரம் என்று நம்பச் சிறிது நேரம் பிடிக்கும். உயரம் 7.5 மீற்றர் அளவே. அடியின் சுற்றளவோ ஏறத்தாழ 19.5 மீற்றர். பத்துப் பேருக்கு மேல் கைகோத்து நின்றால்தான் இதனைச் சுற்றி வளைக்க இயலும். யானையின் தோலைப்போல் மடிப்பு விழுந்த சாம்பல் நிறப் பட்டை, உள்ளே நீரைத் தேக்கிவைக்கும் மென்மையான தண்டு, கோடையிலே இலையுதிர்த்து வேரை வானுக்குக் காட்டுவது போன்ற கிளைகள் ஆகிய யாவும் ஆபிரிக்க வறள்நிலத்தின் சாயலைக் காட்டுகின்றன. இதன் வெண்ணிறப் பூக்கள் இரவிலே மலர்வன. ஆபிரிக்காவிலே வெளவால்கள் வந்து தேனுண்டு மகரந்தம் பரப்புகின்றன.

இம்மரம் 1477ஆம் ஆண்டளவிலே நடப்பட்டதாகச் சொல்லப்படுகின்றது. நட்டவர் கடல்வழி வந்த அராபிய வணிகர் என்பது வழக்கு. அவ்வழக்கின்படி பார்த்தால், போர்த்துக்கேயர் வந்து கோட்டைக்குக் கல் அடுக்கியபோது இது எண்பது வயதைக் கடந்துவிட்டது. ஒல்லாந்தர் வந்தபோதும், ஆங்கிலேயர் வந்தபோதும், அவர் யாவரும் போனபோதும் இது இங்கேயே நின்றது. இலங்கையிலுள்ள பெருக்க மரங்களிற் பெரும்பாலானவை மன்னார்ப் பகுதியிலேயே இருக்கின்றன. 2018ஆம் ஆண்டிலே வெளியான ஓர் ஆய்வு, ஆபிரிக்காவின் மிகப் பழைய பெருக்க மரங்கள் பல அண்மைக் காலத்திலே பட்டுப்போய்விட்டன என்று தெரிவித்தது. தாய்நிலத்திலேயே அருகி வரும் முதுமரத்தின் உறவொன்று நம் வீதியோரத்திலே நிற்கின்றது என்றால், அதன் பட்டையிலே கத்தியாற் பெயர் பொறிக்க நம் கை எழலாமா?

மரத்தடியில் இளைப்பாறியபின் பள்ளிமுனைக் கரைக்குச் செல்லலாம். புனித லூசியாள் ஆலயத்தை நடுவாகக் கொண்டு அமைந்த கடற்றொழிலாளர் ஊர் அது. காலைப்பொழுதிலே வள்ளங்கள் கரை திரும்பும். வலையிலிருந்து நண்டைக் கழற்றும் கைகளின் விரைவு வியக்கத்தக்கது. ஆழமற்ற இக்கடலின் நீலக்கால் நண்டு தொலைநாடுகளுக்கும் ஏற்றுமதியாகின்றது. சற்றுமுன் நாம் கண்ட சேறும் கண்டலும் கடற்புல்லும் இந்தக் கூடையிலே பயனாக வந்து முடிவதை இங்கே நேரிற் காணலாம். இங்கிருந்து நகரை நோக்கித் திரும்பினால் வட்டம் நிறைவுறும்.

நேயர்களே, இவ்வட்டத்தைச் சுற்றி வருபவர்க்கு ஓர் உண்மை தெளிவாகும். மன்னாரின் நிலம் மெல்லியது. மணலுக்கு அடியிலே மழைநீர் சேர்ந்து, உவர்நீரின்மேல் மெல்லிய போர்வைபோல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் எடை குறைந்தது என்பதே இதன் காரணம். கிணற்றில் நாம் அள்ளுவது அப்போர்வையின் நீரையே. மிகுதியாக இறைத்தாலும், மணலை ஆழமாகத் தோண்டினாலும், அடியிலுள்ள உவர்நீர் மேலெழும். மழைக்காலத்திலே வெள்ளம் சரிவின்றித் தயங்கித் தயங்கியே கடலைச் சேருகின்றது. அதன் வழியிலே ஒரு சிறு மண்மேடு இட்டாலும் நீர் வீட்டுக்குள் புகுந்துவிடும். இத்தகைய நிலத்திலே எதைக் கட்டுவதாயினும், எதைத் தோண்டுவதாயினும், பன்முறை எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

இன்று அவ்வாறு எண்ண வேண்டிய காலம் வந்திருக்கின்றது. தீவின் தென்கரையிலே தம்பபவனி என்னும் காற்றாலைப் பண்ணை 30 காற்றாலைகளுடன் 2020ஆம் ஆண்டின் இறுதியிலே திறந்துவைக்கப்பட்டது. எரிபொருளுக்காக அந்நியச் செலாவணியைச் செலவிடும் நாட்டுக்குக் காற்றிலிருந்து மின்சாரம் கிடைப்பது நன்மையே. அதனை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் மேலும் காற்றாலைகள் நிறுவும் திட்டங்கள் எழுந்தபோது, பறவைகளின் வழி என்னாகும், வெள்ளம் வடியும் வழி என்னாகும், மீன்பிடி என்னாகும் என்ற வினாக்கள் மக்களிடையே எழுந்தன. அதானி நிறுவனம் தனது திட்டத்திலிருந்து 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. வேறு காற்றாலைத் திட்டத்தையும், கரையோரக் கனிய மணல் அகழ்வு முயற்சியையும் எதிர்த்து 2025 ஓகஸ்ட் மாதத்திலே மன்னார் மக்கள் நெடுநாள் போராட்டம் நடத்தினர். இவற்றுள் எதனை ஏற்பது, எதனை மறுப்பது என்று தீர்ப்புக் கூற நான் இங்கே வரவில்லை. எவ்விடத்தில் வேண்டும், எவ்விடத்தில் வேண்டாம் என்று பிரித்தறியும் அறிவு, வரைபடத்தை மட்டும் பார்ப்பதால் வராது. வரைபடத்திலே வங்காலையின் சேறு வெற்றிடமாகவே தெரியும். நடந்து பார்த்தவர் ஒருவர் ஊரிலே இருந்தால்தான், "ஐயா, அது வெற்றிடம் அன்று, மார்கழியிலே வந்து பாருங்கள்" என்று எழுந்து சொல்ல முடியும்.

இவ்வாறு சொல்லி வென்ற ஊர் ஒன்று உண்டு. சிங்கப்பூரின் வடமேற்குக் கரையிலுள்ள சுங்கை பூலோ, ஒரு காலத்திலே இறால் குட்டைகளும் கண்டற் சேறும் நிறைந்த ஒதுக்குப்புறம். 1986ஆம் ஆண்டிலே பறவை பார்க்கச் சென்ற ஆர்வலர் சிலர், அங்கே வலசைப் பறவைகள் திரள்வதைக் கண்டு, அவ்விடத்தைக் காக்குமாறு அரசிடம் வேண்டினர். நிலத்திற்குப் பொன்விலை கொடுக்க வேண்டிய அச்சிறு நாடு, அவ்வேண்டுகோளுக்குச் செவிசாய்த்தது. 1989இல் 87 ஹெக்டேயர் நிலம் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1993இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 2002இல் சட்டப்படி இயற்கைக் காப்பகமாயிற்று. இன்று அங்கே மரப்பலகைப் பாதையிலே பள்ளிச் சிறுவர் வரிசையாக நடந்து சென்று பறவைகளைக் காண்கின்றனர். அதைத் தொடக்கி வைத்தவர் கையில் இருந்தவை ஒரு தொலைநோக்கியும் ஒரு குறிப்பேடுமே. சுங்கை பூலோவின் அந்த 87 ஹெக்டேயரை, வங்காலையின் 4,839 ஹெக்டேயருடன் ஒப்பிட்டுப் பாருங்கள். நம்மிடம் இருப்பது எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

நடக்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகளையும் கூறிவிடுகின்றேன். கார்த்திகை முதல் மாசி வரையிலான காலம் ஏற்றது. பறவைகளும் இருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். பங்குனி பிறந்தபின் விருந்தினர் வடக்கே திரும்பத் தொடங்குவர். விடிந்ததும் புறப்பட்டு, ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுவது நல்லது. வழியிலே நிழல் குறைவு. ஆதலால் தொப்பியோ குடையோ வேண்டும். குடிநீரை வீட்டிலிருந்தே போத்தலிற் கொண்டு செல்லுங்கள். வெறும் போத்தலை வீட்டுக்கே கொண்டு வாருங்கள். சேற்று வெளியிலே இறங்க வேண்டாம். சேறு எங்கே ஆழம் என்பது மேலிருந்து தெரியாது. இறங்கினால் பறவைகளின் பந்தியும் கலையும். பூநாரைக் கூட்டம் பறந்தெழும் காட்சி அழகாக இருக்கும் என்று கல்லெறிந்தோ கூச்சலிட்டோ எழுப்புவது பெருந்தீங்கு. நெடும்பயணத்துக்கென்று அவை சேர்த்து வைக்கும் வலு, ஒவ்வொரு முறை வீணாக எழும்போதும் கரைகின்றது. பாலத்தின்மேல் நடக்கும்போது சிறுவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடநூலிலே கண்டல் தாவரம் என்ற பாடம் வரும் நாளிலே, மாணவரை வகுப்பறையில் இருத்தி அதனை வாசிக்கச் செய்வதைவிட, இந்த வட்டத்தில் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு மாணவரும் ஒரு குறிப்பேட்டிலே நாள், நேரம், கண்ட பறவை, நீரின் நிலை ஆகியவற்றை எழுதி வைக்கட்டும். பத்து ஆண்டுகள் தொடர்ந்து எழுதினால் அது ஊரின் ஆவணமாகிவிடும். நாளை ஒரு திட்டம் வரும்போது, அதிகாரிகளின் அறிக்கைக்கு அருகிலே வைத்துப் பார்க்க ஊராரிடமும் ஓர் ஏடு இருக்கும்.

தரிசு என்றும் சேறு என்றும் பெயர் சூட்டப்பட்ட நிலத்தை எடுத்துக்கொள்வது எளிது. பெயரும் பயனும் அறியப்பட்ட நிலத்தை எடுத்துக்கொள்வது அத்துணை எளிதன்று. மன்னாரின் கண்ணா மரத்துக்கும், பூநாரைக்கும், பெருக்க மரத்துக்கும் நாம் செய்யக்கூடிய முதல் உதவி, அவற்றைப் பெயர் சொல்லி அறிந்து வைத்திருப்பதே. அவ்வறிவைப் பெறுவதற்குப் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு காலைப்பொழுதும் இரண்டு கால்களும் போதும். வரும் கார்த்திகையிலே, மழை ஓய்ந்த ஒரு காலையில், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இவ்வட்டத்தைச் சுற்றி வாருங்கள்.